குடற்புழுவை எதிர்க்கும் செம்மறி மந்தையை நாமே உருவாக்க முடியுமா?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் 60 தாய் ஆடுகள், 2 கிடாக்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மந்தை முழுவதற்கும் குடற்புழு மருந்து கொடுத்தும், மழைக்காலம் வந்தால் குட்டிகள் கண் வெளுத்து, தாடைக்குக் கீழே நீர் கோத்துச் சாகின்றன. மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தும் பலன் இல்லை. புழுவைத் தாமே எதிர்க்கும் ஆடுகளை இனப்பெருக்கம் மூலம் கொண்டுவர முடியுமா, எத்தனை வருடம் ஆகும், இருக்கிற இரண்டு கிடாக்களில் எதை வைத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். நானும் பல வருடமாக என் மந்தையில் இந்த வேலையைத்தான் செய்து வருகிறேன். ஆனால் மந்தை முழுவதற்கும் ஒரே நாளில் மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும் வரை எது எதிர்ப்புள்ள ஆடு, எது இல்லாத ஆடு என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. மருந்து எல்லா ஆட்டையும் ஒரே மாதிரி காட்டிவிடும். எதிர்ப்பே இல்லாத பெட்டையும் மருந்தின் தயவில் பிழைத்துக் குட்டி போடும், அந்தக் குட்டியையும் நீங்கள் அடுத்த வருடம் இனத்துக்கு வைப்பீர்கள். இப்படியே ஏழெட்டு வருடம் போனால் மந்தை மருந்து இல்லாமல் நிற்க முடியாத மந்தையாகிவிடும்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் முக்கிய எதிரி ஹீமாங்கஸ் கன்டார்டஸ் என்கிற ரத்தம் குடிக்கும் புழுவாகத்தான் இருக்க வேண்டும். பொதுவாகக் குடற்புழு என்று சொன்னாலும் இது குடியிருப்பது குடலில் இல்லை, நான்காவது இரைப்பையில். பெண் புழுவைக் கையில் எடுத்துப் பார்த்தால் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் போல இருக்கும், சிவப்பு அது குடித்த ரத்தம். ஒரு புழு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.05 மில்லி ரத்தத்தை இழக்க வைக்கும். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும், ஆனால் 1000 புழு இருந்தால் தினமும் 50 மில்லி. 20 கிலோ குட்டியின் உடம்பில் மொத்த ரத்தமே ஒன்றேகால் லிட்டர் அளவுதான், அதாவது ஒரு மாதத்துக்குள் தன் உடம்பில் இருக்கிற அத்தனை ரத்தத்துக்கும் சமமான அளவை அது இழந்துவிடுகிறது. இந்தப் புழுவுக்குப் பெரும்பாலும் கழிச்சல் இருக்காது. கழிச்சல் இல்லையே என்று நிம்மதியாக இருந்து கோட்டை விட்டவர்கள் நிறைய.

ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு 5000 முட்டைக்கு மேல் இடும். முட்டை புழுக்கையோடு வெளியே வந்து, வெயிலும் ஈரமும் தோதாக இருந்தால் ஒரு வாரம் பத்து நாளுக்குள் தொற்றக்கூடிய இளம்புழுவாகிப் புல்லில் பனித்துளியோடு ஏறி நிற்கும். ஆடு மேயும்போது உள்ளே போய் மூன்று வாரத்தில் அதுவும் முட்டை இடத் தொடங்கும். ஆக மேய்ச்சல் நிலத்தில் எவ்வளவு முட்டை விழுகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அந்த முட்டை எல்லா ஆட்டிலிருந்தும் சமமாக வருவதில்லை. எந்த மந்தையை எடுத்துக்கொண்டாலும் கால்வாசி ஆடுகள்தான் முக்கால்வாசிக்கு மேல் முட்டையைக் கொட்டுகின்றன. இந்த ஏற்றத்தாழ்வில் ஒரு பகுதி பரம்பரையாக வருவது, நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய கயிறும் அதுதான்.

மருந்துகளின் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்னும் நல்ல மருந்து வரும் என்கிற நம்பிக்கையில்தான் பலர் இந்த வேலையைத் தள்ளிப்போடுகிறார்கள். அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் குடும்பத்தின் முதல் மருந்தான தயாபெண்டசோல் 1961-ல் வந்தது. 1964-லேயே அதற்கு மசியாத ஹீமாங்கஸ் பற்றிய செய்தி வந்துவிட்டது. ஐவர்மெக்டின் 1981-ல் வந்தது, அதற்கும் அதே கதிதான் ஆயிற்று. மோனபான்டெல் என்கிற புது வகை மருந்து 2009-ல் நியூசிலாந்தில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது, 2013-ல் அதே நாட்டிலேயே அதற்கு அடங்காத புழு பதிவாகிவிட்டது. அல்பெண்டசோல் வகை மருந்தைத் தோற்கடிக்கப் புழுவின் ஒரு புரதத்தில் ஒரே ஒரு இடம் மாறினால் போதும், அவ்வளவு சுலபம் அதற்கு. மந்தை முழுவதற்கும் மருந்து கொடுத்த அன்று உயிர் பிழைக்கும் புழு எல்லாமே மருந்தை வென்ற புழு. அடுத்த மூன்று வாரம் அவை மட்டுமே நிலத்தில் முட்டை போடுகின்றன.

உங்கள் மருந்து இன்னும் வேலை செய்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பத்துப் பதினைந்து ஆடுகளில் மருந்துக்கு முன்பு ஒரு முறை, கொடுத்து 14 நாள் கழித்து ஒரு முறை முட்டை எண்ணிக்கை பாருங்கள், அதாவது ஒரு கிராம் புழுக்கையில் எத்தனை புழு முட்டை இருக்கிறது என்று. 95 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் அந்த மருந்துக்குப் புழு பழகிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருவோம். இனத் தேர்வில் இறங்குகிறவர்கள் அதிகமாகத் தவறு செய்கிற இடம் ஒன்று இருக்கிறது, நானும் அங்கேதான் தவறினேன். எதிர்ப்பது வேறு, தாங்குவது வேறு. எதிர்க்கிற ஆடு, உள்ளே போன இளம்புழுவைத் தங்கவிடாது, தங்கினாலும் வளரவிடாது, வளர்ந்தாலும் அதிகம் முட்டை இடவிடாது. தாங்குகிற ஆடு அப்படி இல்லை, வயிறு நிறையப் புழுவை வைத்துக்கொண்டே கொழுகொழு என்று இருக்கும். பார்க்க அழகாக இருப்பதால் நாம் அதைத்தான் இனத்துக்கு விடுவோம். ஆனால் அது நடக்கிற இடமெல்லாம் முட்டையை விதைக்கிறது, பக்கத்தில் மேயும் குட்டிகள் அந்த முட்டையால் சாகின்றன. என்னிடம் ஒரு கிடா இருந்தது, நெஞ்சு அகலம், கால் உறுதி, இமையின் உட்புறம் எப்போதும் நல்ல சிவப்பு, ஒரு நாளும் மருந்து கேட்டதில்லை. இரண்டு வருடம் அதைத்தான் மந்தையில் விட்டேன். பிறகு ஒரு நாள் புழுக்கையை எண்ணிப் பார்த்தபோது கிராமுக்கு 4000-க்கு மேல் முட்டை. அதே நிலத்தில் மேய்ந்த, நான் சீண்டாமல் வைத்திருந்த ஒரு சுமாரான கிடாவுக்கு 300. முதல் கிடாவின் குட்டிகளில்தான் சாவு அதிகம் என்பது என் பழைய குறிப்பேட்டிலேயே இருந்தது, நான்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. கண்ணால் பார்த்து எதிர்ப்பைக் கண்டுபிடிக்க முடியாது, எண்ணித்தான் ஆக வேண்டும்.

இது உண்மையிலேயே பரம்பரையாக வருமா என்பதற்கு இரண்டு வகைச் சான்று உண்டு. ஒன்று, இனங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். கென்யாவின் சிவப்பு மசாய் ஆட்டையும் டார்ப்பர் ஆட்டையும் ஈரமான கடற்கரைப் பகுதியில் 1990-களில் பல வருடம் சேர்த்து மேய்த்துப் பார்த்தார்கள். டார்ப்பர் பெரிய ஆடு, சீக்கிரம் எடை போடுவது. ஆனால் அந்த நிலத்தில் மசாய் குட்டிகளுக்கு முட்டை எண்ணிக்கையும் குறைவு, ரத்த அளவும் மேல், சாவும் குறைவு, கடைசியில் மந்தைக் கணக்காகப் பார்த்தால் சின்ன ஆடுதான் அதிகம் கொடுத்தது. செயின்ட் குரோயி, பார்படோஸ் பிளாக்பெல்லி, அமெரிக்க வளைகுடாக் கரையின் நேட்டிவ் ஆடு, சுந்தரவனத்தின் காரோல் ஆடு என்று இப்படிப் பெயர் பெற்றவை எல்லாமே வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில், மருந்து இல்லாத காலத்தில், தலைமுறை தலைமுறையாகப் புழுவோடு வாழ்ந்தவை.

இன்னொன்று, ஒரே இனத்துக்குள் செய்த தேர்வு, உங்களுக்கு அதிகம் உதவப்போவது இதுதான். ஆஸ்திரேலியாவில் மெரினோ ஆடுகளில் 1970-களின் இறுதியிலிருந்தே முட்டை எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுத்துத் தனி மந்தைகளை வளர்த்தார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1987-ல் தொடங்கிய ரைலிங்டன் மெரினோ மந்தை அதில் நன்றாக அறியப்பட்டது. தேர்ந்தெடுத்த மந்தைக்கும் தேர்ந்தெடுக்காத மந்தைக்கும் வித்தியாசம் வருடா வருடம் கூடிக்கொண்டே போனது. ஆக இருக்கிற இனத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு இனத்துக்கு மாற வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு இனத்துக்குள்ளேயே ஆட்டுக்கு ஆடு இருக்கிற வித்தியாசம் மிகப் பெரியது. எதிர்ப்புள்ள இனத்தின் கிடாவைக் கொண்டுவந்து கலப்பு செய்தால் முதல் தலைமுறையிலேயே ஒரு தாவல் கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் எடை குறையும். அதோடு, அந்த இனத்திலும் மோசமான கிடாக்கள் உண்டு, இனப் பெயரை மட்டும் நம்பி வாங்கிவிட்டு எண்ணாமல் இருந்தால் பயன் இல்லை.

எவ்வளவு வேகமாக மாறும் என்பதைக் கணக்காகவே காட்டுகிறேன். முட்டை எண்ணிக்கையில் பரம்பரையின் பங்கு தோராயமாக நான்கில் ஒன்று, பால் அளவுக்குச் சொல்வதைப் போலத்தான். உங்கள் இளம் கிடாக்களின் சராசரி 1000 என்றும், நீங்கள் தேர்ந்தெடுத்த கிடாவுக்கு 200 என்றும் வையுங்கள். வித்தியாசம் 800, அதில் கால் பங்கு, அதாவது 200 தான் பரம்பரையில் வந்தது, மிச்சம் அன்றைய சூழ்நிலை. அந்த 200-ல் பாதிதான் குட்டிக்குப் போகும், ஏனென்றால் மறுபாதி தாயிடமிருந்து வருகிறது. ஆக அடுத்த தலைமுறையின் சராசரி 900 ஆகும். பத்து சதவீதம். இது தோராயக் கணக்குதான், ஆனாலும் சரியான எதிர்பார்ப்போடு இறங்குவதற்கு இது போதும். முதல் வருடம் ஒன்றும் தெரியாது, மனம் தளரும். ஆனால் இது சேர்ந்துகொண்டே போவது. மருந்தின் பலன் மூன்று வாரத்தில் கரைந்துவிடும், இது கரையாது. தாய் பக்கமும் மோசமானவற்றைக் கழித்தால் இன்னும் வேகமாகும். அப்புறம், நிலத்தில் விழும் முட்டை குறையக் குறைய எல்லா ஆடுகளுக்கும் தொற்று குறையும், அந்தப் பலன் மேற்சொன்ன கணக்கில் இல்லை.

இனி எண்ணுகிற வேலை. குட்டிகள் பால் மறந்து, நான்கு மாதத்துக்கு மேல், எட்டு மாதத்துக்குள் இருக்கும்போது செய்யுங்கள். அதற்கு முன் எதிர்ப்பு சக்தி சரியாக உருவாகியிருக்காது, நல்லதும் கெட்டதும் ஒன்றாகவே தெரியும். ஒப்பிடும் குட்டிகள் எல்லாம் ஒரே நிலத்தில், ஒன்றாக, குறைந்தது ஆறு வாரம் மேய்ந்திருக்க வேண்டும், இடையில் எதற்கும் மருந்து கொடுத்திருக்கக் கூடாது. மாக்சிடெக்டின் போல உடம்பில் நீண்ட நாள் தங்கும் மருந்து கொடுத்திருந்தால் இன்னும் காத்திருங்கள். முதலில் பத்துக் குட்டியைச் சும்மா பாருங்கள், சராசரி 500-க்காவது வந்திருந்தால்தான் எல்லாவற்றையும் எண்ணுவதில் அர்த்தம் உண்டு. புழுவே இல்லாத காலத்தில் எல்லாக் குட்டிக்கும் சைபர் வரும், அதை வைத்துக் கிடா தேர்ந்தெடுத்தால் சீட்டுக் குலுக்கிப் போட்டது போலத்தான்.

புழுக்கையைத் தரையிலிருந்து பொறுக்காதீர்கள், எந்த ஆட்டினுடையது என்று தெரியாது. கையுறை போட்டுக்கொண்டு மலக்குடலிலிருந்து நேராக எடுங்கள், நாலைந்து கிராம் போதும், பையில் காற்றை வெளியேற்றிக் கட்டிக் காது எண்ணை எழுதிக் குளிரில் வையுங்கள். உறைய விடக் கூடாது. சூடான இடத்தில் வைத்தால் ஒரே நாளில் முட்டை பொரிந்துவிடும், எண்ணிக்கை தப்பாகும். கால்நடை ஆய்வகத்தில் கொடுக்கலாம், ஆனால் வருடா வருடம் செய்யப்போகிறீர்கள் என்றால் ஒரு சாதாரண நுண்ணோக்கியும், முட்டை எண்ணுவதற்கென்று கோடு போட்ட இரண்டு அறை உள்ள மெக்மாஸ்டர் கண்ணாடித் தட்டும் வாங்கிக்கொள்வது மேல். 2 கிராம் புழுக்கையை 28 மில்லி கெட்டியான உப்புக் கரைசலில் கரைத்து, வடிகட்டி, தட்டின் இரண்டு அறையிலும் ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டு, மேலே மிதக்கும் முட்டைகளை இரண்டு அறையின் கோடுகளுக்குள்ளும் எண்ணி 50-ஆல் பெருக்கினால் கிராமுக்கு எத்தனை என்று வந்துவிடும். ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம், நான் பத்து மாதிரி எண்ணியதும் பழகிவிட்டது.

ஒரே ஒரு முறை எண்ணி முடிவெடுக்காதீர்கள். அதே ஆட்டை நாலைந்து வாரம் கழித்து இரண்டாவது முறை எண்ணுங்கள், இரண்டிலும் குறைவாக இருப்பதுதான் நம்பத்தக்கது. ஒற்றையாகப் பிறந்ததை ஒற்றையோடும், இரட்டையை இரட்டையோடும் ஒப்பிடுங்கள், இரட்டைக் குட்டிக்குப் பால் குறைவாகக் கிடைத்திருக்கும், அதனால் எண்ணிக்கை கூடலாம், அது பரம்பரையின் குற்றம் இல்லை.

இதெல்லாம் நடக்கும்போது மருந்தே கொடுக்காமல் ஆடுகளைச் சாக விடுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. தேவைப்படும் ஆட்டுக்கு மட்டும் கொடுங்கள். அதற்குத்தான் ஃபமாச்சா அட்டை, தென்னாப்பிரிக்காவில் உருவாக்கியது. கீழ் இமையை விலக்கி உள்சவ்வின் நிறத்தை அட்டையின் ஐந்து நிறத்தோடு ஒப்பிட வேண்டும். 1, 2 என்றால் மருந்து வேண்டாம், 4, 5 என்றால் உடனே, 3 என்றால் குட்டிக்கும் நிறைசினை ஆட்டுக்கும் கொடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, குட்டிகளை வாரம் ஒரு முறை பார்ப்பது நல்லது. இந்த அட்டை ரத்தம் குடிக்கும் புழுவுக்கு மட்டும்தான், கழிச்சல் உண்டாக்கும் மற்றப் புழுக்களைக் காட்டாது. கிடா தேர்வுக்கு அட்டை போதாது, ஏனென்றால் தாங்குகிற ஆட்டுக்கும் கண் சிவப்பாகவே இருக்கும். ஆனால் பெட்டைகளைக் கழிக்க அது அருமையான ஆயுதம். ஒரு பருவத்தில் இரண்டு முறைக்கு மேல் மருந்து கேட்ட ஆட்டின் எண்ணைக் குறித்துவைத்து, அதையும் அதன் பெட்டைக் குட்டியையும் இனத்துக்கு வைக்காதீர்கள். இது ஒன்றே பாதி வேலை. இப்படிச் செய்யும்போது மருந்து படாத ஆடுகளிலிருந்து மருந்துக்கு அடங்கும் புழுவும் நிலத்தில் தொடர்ந்து விழும், அதனால் மருந்தின் ஆயுளும் கூடும்.

தாய் ஆடுகளை ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. குட்டி போடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்து, போட்டு ஆறேழு வாரம் வரை எந்த ஆட்டுக்கும் எதிர்ப்பு தளரும், முட்டை எண்ணிக்கை ஏறும். நேற்று குட்டி போட்டதையும் சினை இல்லாததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது அநியாயம். அந்த நாட்களில் புரதம் உள்ள தீவனம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் இந்த ஏற்றம் குறையும். எதிர்ப்பு என்பது உடம்பு புரதத்தைச் செலவழித்துச் செய்கிற வேலை, பட்டினி கிடக்கிற ஆட்டில் எந்த நல்ல ரத்தமும் தன் குணத்தைக் காட்டாது.

ஆடு எதிர்ப்பைக் கூட்டிக்கொண்டால் புழுவும் பழகிக்கொள்ளாதா என்று பலர் கேட்பார்கள். எதிர்ப்புள்ள ஆடுகளின் வழியாகப் பல தலைமுறை புழுவை ஓட்டிப் பார்த்த சோதனைகளில் அப்படிப் பழகியதாகத் தெரியவில்லை. மருந்து ஒரு பூட்டு, ஒரு சாவி கிடைத்தால் போதும். ஆட்டின் எதிர்ப்பில் பல மரபணுக்கள் சேர்ந்து பல கட்டத்தில் வேலை செய்கின்றன, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறப்பது புழுவுக்குச் சுலபம் இல்லை. ஒரு குறை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். குளிர்கால மழைப் பகுதிகளின் மெரினோக்களில், முட்டை குறைந்த ஆடுகளுக்கும் கழிச்சல் குறையவில்லை, சிலவற்றில் கூடியது, இளம்புழுவை உடம்பு மூர்க்கமாக விரட்டுவதால் வருவது அது. கழிச்சல் உங்களுக்குப் பிரச்சினை என்றால் அதைத் தனியாகக் குறித்து, தனியாகத் தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக உங்கள் இரண்டு கிடாக்கள். இரண்டையும் இப்போதே எண்ணிப் பாருங்கள், ஆனால் அதை வைத்து மட்டும் எதையும் விற்காதீர்கள். வளர்ந்த கிடாக்களில் எண்ணிக்கை பொதுவாகவே குறைந்திருக்கும், வித்தியாசம் தெளிவாகத் தெரியாது. இந்தப் பருவத்தில் 30 பெட்டைகளை ஒன்றிடமும் 30 பெட்டைகளை மற்றதிடமும் விடுங்கள், யார் குட்டி எது என்று குழம்பாமல் காதில் குறியிடுங்கள். குட்டிகளை ஒன்றாக மேயவிட்டு, ஐந்தாறு மாதத்தில் ஒவ்வொரு கிடாவின் குட்டிகளிலும் பதினைந்தையாவது எண்ணி, இரண்டு சராசரியையும் பாருங்கள். குட்டிகளின் எடையையும் அதே நாளில் எழுதுங்கள், எடைக்கும் எதிர்ப்புக்கும் பெரிய முரண் கிடையாது, எடையும் நன்றாக இருந்து முட்டையும் குறைந்த குட்டிகள் கண்டிப்பாக இருக்கும். எந்தக் கிடாவின் சராசரி குறைவோ அதை வைத்துக்கொண்டு, அதன் மகன்களில் இரண்டு முறையும் எண்ணிக்கை குறைந்த ஒன்றைப் பக்கத்து மந்தைக்காரரோடு மாற்றிக்கொள்ளுங்கள், அவரும் எண்ணுகிறவராக இருந்தால். சொந்த மகனை உங்கள் மந்தையிலேயே விட்டால் ரத்த உறவுக் கலப்பு கூடிவிடும். வெளியிலிருந்து வருகிற கிடாவைத் தனியாக அடைத்து, இரண்டு வேறு குடும்ப மருந்தைக் கொடுத்து, 14 நாள் கழித்து முட்டை இல்லை என்று பார்த்துவிட்டு மந்தையில் சேருங்கள், இல்லாவிட்டால் நல்ல கிடாவோடு மருந்துக்கு அடங்காத புழுவும் வந்துவிடும்.

மருந்தை எப்போது நிறுத்தலாம் என்றால், முழுவதும் நிறுத்துவதை இலக்காக வைக்காதீர்கள். என் மந்தையில் நான்காவது குட்டிப் பருவத்தில்தான் குறிப்பேட்டில் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. இப்போது மழைக்காலத்தில் இமை பார்க்கும் நாளில் பெரும்பாலான தாய் ஆடுகளுக்கு மருந்துக் குப்பியைத் திறப்பதில்லை, குட்டிகளில் சிலவற்றுக்கும் ஈன்ற ஆடுகளில் ஒன்றிரண்டுக்கும் மட்டும் இன்னும் திறக்க வேண்டியிருக்கிறது.